ராசியான லினக்ஸ் புத்தகம்

மூன்று முறை எழுதி மூன்று முறையும் தோற்றவனிடம் வந்துதான், எந்தப் புத்தகம் வாங்கிப் படித்தால் பாஸ் பண்ணலாம் என்று தமிழ்நிலா கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. லாரன்ஸ் தோற்றவன் என்பது லாரன்ஸுக்கு மட்டும்தான் தெரியும். மரக்காணத்தில் சர்ச் தெரு முழுக்க அவனைப் பரிட்சை பாஸ் பண்ணி, கம்பெனி சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற லினக்ஸ் அட்மினாகத்தான் அறியும். திருவிழா மேடையில் பங்குச் சாமியார் அவனுக்குச் சால்வை போர்த்திய படம், வீட்டு ஹாலில் திருஇருதய ஆண்டவர் படத்துக்கு ஒரு சாண் கீழே மாட்டியிருக்கிறது. இடது கையில் சால்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே ஜெயித்தவன் மாதிரி சிரிக்கிறான்.

அந்தப் பொய் ஆரம்பித்த விதம் வேடிக்கையானது. ஐந்து வருடத்துக்கு முன்னால் சென்னையில் முதல் பரிட்சை எழுதிவிட்டு அவன் பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள், அவன் அம்மா அற்புதமேரி தெரு முழுக்க லட்டு கொடுத்து முடித்திருந்தாள். எம் புள்ள எழுதினா பாஸ்தான், ரிசல்ட்டுக்கு எதுக்குக் காத்திருக்கணும் என்பது அவள் கணக்கு. பஸ் ஸ்டாண்டிலேயே இரண்டு பேர் கைகொடுத்தார்கள். கொடுத்த கையை மறுக்கத் தெரியவில்லை, குலுக்கினான். வீட்டில் அம்மா, “பாஸ்தானேடா?” என்றாள். “ஆமாம்மா” என்றான். அடுத்த ஞாயிறு பூசையில் சாமியார் அறிவித்துவிட்டார். பீடத்திலிருந்து சொன்னதை யார் போய்த் திருத்துவது?

அதற்கப்புறம் ஆபீஸ் மீட்டிங் என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை ரகசியமாகப் போய் எழுதினான். இரண்டிலும் மண்ணைக் கவ்வினான். புதுச்சேரியில் ஒரு கம்பெனியின் சர்வர் அறையில் கேபிள் மாட்டுவதும் கழற்றுவதும் ஏசி எத்தனை டிகிரி என்று குறித்து வைப்பதும்தான் அவன் வேலை. காண்ட்ராக்ட். ஊரில் அதற்கும் அட்மின் என்றுதான் பெயர். பாவம் என்று தோன்றுகிறதா? வேண்டாம். பாவப்படுவதற்கு இந்தக் கதையில் வேறு ஆள் இருக்கிறது.

தமிழ்நிலா, உப்பளத்துச் சகாதேவனின் மகள். சகாதேவனும் அவர் மனைவி பொன்னியும் கல்யாணமான நாள் முதல் உப்பு வாருகிறவர்கள். வெயிலில் வெள்ளையாக எரியும் பாத்திகளைப் பார்த்துப் பார்த்தே பொன்னிக்கு நாற்பத்தைந்து வயதில் கண் மங்கிவிட்டது. மகள் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டுத் திண்டிவனம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் லேப் அசிஸ்டென்டாக இருக்கிறாள். கல்லூரியில் புதிதாகச் சர்வர் ரூம் வைக்கிறார்கள். பிப்ரவரிக்குள் லினக்ஸ் அட்மின் பரிட்சை பாஸ் பண்ணினால் அந்த வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மார்ச்சோடு கிளம்பலாம் என்று முதல்வர் நேராகவே சொல்லிவிட்டார். பரிட்சைக் கட்டணம் கல்லூரியுடையது. அதில் இரண்டு தடவை எழுதிக்கொள்ளலாம். மார்ச்சுக்கு அப்புறம் என்ன என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேச என்ன இருக்கிறது, அம்மா பக்கத்தில் உப்பு வாரும் இன்னொரு பலகையைப் பிடித்துக்கொண்டு அளத்தில் நிற்க வேண்டியதுதான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து லாரன்ஸ் சட்டையைக்கூட மாற்றவில்லை, அப்பாவும் மகளும் வந்தார்கள். சகாதேவன் வழக்கம்போல வாசல்படிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். நிலா உள்ளே வந்து போனை நீட்டினாள்.

“லாரன்ஸண்ணா, மூணு புக்கு பாத்து வச்சிருக்கேன். இது புது வெர்ஷனுக்கு வந்தது, தடியா இருக்குது, பின்னாடி மாதிரிப் பரிட்சை நாலு இருக்குதாம். இது கமாண்டு மட்டும் போட்ட சின்ன புக்கு. இது பழைய எடிஷன், ஆனா ரொம்ப ஈஸியா எழுதியிருக்காருன்னு சொல்றாங்க. மொதல் புக்கை நேத்தே ஆர்டர் போட்டுட்டேன். சரியான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்.”

லாரன்ஸ் போனை வாங்கிப் பார்த்தான். பெண் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தாள். யாரும் சொல்லித்தராமல், மூன்று புத்தகத்தில் எது வேண்டும், எதற்காக வேண்டும் என்று கண்டுபிடித்திருந்தாள். அவனுக்கு அது மூன்றாவது தடவை தோற்ற பிறகுதான் புரிந்தது. இவள் பாஸ் பண்ணிவிடுவாள் என்று அந்த நிமிடமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பாஸ் பண்ணினால் சர்ட்டிபிகேட் வரும். நம்பர் போட்ட சர்ட்டிபிகேட். அந்த நம்பரை நெட்டில் போட்டால் யார் பெயர் என்று காட்டும். சகாதேவன் அதைக் கண்ணாடி போட்டு மாட்டுவார். பார்க்கிறவன் எவனாவது, “லாரன்ஸு, உன்னுது எங்கப்பா?” என்று கேட்பான்.

பயம் பாதி. மிச்சப் பாதி பொறாமை. அளத்துக்காரன் பெண் முதல் தடவையே தாண்டிவிடுவதா என்கிற பச்சைப் பொறாமை.

அவன் வாயைத் திறப்பதற்குள் அற்புதமேரி காபியோடு வந்தாள். “எதுக்கும்மா புதுசா வாங்குற? எம் புள்ள பாஸ் பண்ண புக்கு பீரோவுல சும்மாத்தான் இருக்குது. ராசியான புக்கு. அனுமந்தையிலேருந்து ரெண்டு பேர் வந்து கேட்டாங்க, நான் தரல. உனக்குன்னா தர்றேன்.”

இதைக் கேட்டதும் வாசலில் நின்ற சகாதேவன் நிமிர்ந்தார். அவர் மட்டுமல்ல, அந்தப் பக்கத்தில் எந்த அப்பாவும் நிமிர்வார். போலீஸ் செலக்‌ஷனோ, குரூப் ஃபோரோ, நர்ஸ் பரிட்சையோ, எதுவானாலும் அங்கே கடைப் புத்தகத்துக்கு மதிப்பில்லை. பாஸ் பண்ணினவர் கையால் வாங்கிய புத்தகம்தான் ராசி. கான்ஸ்டபிள் ஆன ஒருவரின் கைடு மூன்று குப்பம் சுற்றி, அட்டை போய், முதல் இருபது பக்கம் போய், இன்னும் கை மாறிக்கொண்டிருக்கிறது. அதை வாங்குவதற்குத் தட்டில் வெற்றிலை பாக்கோடு போகிறவர்கள் உண்டு. போலீஸ் பரிட்சைக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. சரித்திரமும் கணக்கும் எங்கே ஓடிவிடப் போகிறது? ஆனால் இது லினக்ஸ், கம்ப்யூட்டரை ஓட்டுகிற மென்பொருள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பரிட்சையையே புது வெர்ஷனுக்கு மாற்றிவிடுவார்கள்.

அற்புதமேரி பீரோவிலிருந்து புத்தகத்தை எடுத்துவந்தாள். பிரவுன் பேப்பர் அட்டை, உள்ளே வேளாங்கண்ணி மாதா படம், பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கோடு. நிலா முதல் பக்கத்தைத் திருப்பினாள். ராசி கீசி என்று மயங்குகிற பெண் இல்லை அவள்.

“அண்ணா, இது ரெண்டு வெர்ஷன் பழசு போலிருக்கே?”

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பொய்யை வெளியில் விடாமலேகூடச் சொல்லியிருக்கலாம். ஆமாம்மா, பழசுதான், நீ புதுசையே வாங்கு என்றால் ஐந்து வார்த்தை. அம்மா கொஞ்சம் முகத்தைத் தூக்கியிருப்பாள், அவ்வளவுதான்.

“லினக்ஸ் என்னா செல்போனா, வருஷா வருஷம் மாறுறதுக்கு?” என்றான் லாரன்ஸ். “பேஸிக் எல்லாம் ஒண்ணுதான். புது புக்குல சும்மா பக்கத்தை ஏத்தி வச்சிருப்பான். நான் இதுலதான் படிச்சேன்.”

கடைசி வாக்கியம் உண்மை. அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரலில் ஒரு தெம்பு வந்தது.

“கேட்டுக்க நிலா” என்றார் சகாதேவன் வாசலிலிருந்து. “பாஸ் பண்ணவரு சொல்றாரு. கையில குடுக்குறத வாணாம்னு சொல்லாத.”

“ஆர்டர கேன்சல் பண்ணிடு, வந்துடப் போகுது” என்றான் லாரன்ஸ். நிலா தயங்கினாள். பிறகு அவன் முன்னாலேயே போனை எடுத்தாள். காரணம் என்ன என்று அது கேட்டது. பட்டியலில் தேடி, ‘மனம் மாறிவிட்டது’ என்பதைத் தொட்டாள். லாரன்ஸ் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டான்.

அதோடு விட்டிருந்தால் அவள் எப்படியாவது தப்பித்திருப்பாள். புத்தகம் பழசானாலும் கம்ப்யூட்டரில் புது வெர்ஷனைப் போட்டுப் பழகினால் எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். லாரன்ஸ் அதையும் யோசித்தான். அடுத்த வாரம் அவனே அவளைக் கூப்பிட்டு, “உன் லேப்டாப்பைக் கொண்டாம்மா, நான் லினக்ஸ் போட்டுத் தர்றேன். புது வெர்ஷன் உன் லேப்டாப்பு தாங்காது” என்று பழைய வெர்ஷனைப் போட்டுக்கொடுத்தான். லேப்டாப் நன்றாகவே தாங்கியிருக்கும். அற்புதமேரி அன்று சாயந்திரம், “யாருக்குடா இவ்ளோ மனசு வரும்?” என்று மகனுக்கு நெற்றியில் சிலுவை போட்டாள்.

நிலா படித்தாள். கல்லூரி பஸ்ஸில் படித்தாள், லேப் காலியாக இருக்கும் நேரத்தில் படித்தாள், மழைக்காலம் வந்து அளத்தில் வேலை நின்று அப்பா வீட்டோடு கிடந்தபோது அவரைக் கையில் கடிகாரத்தோடு உட்காரவைத்து எத்தனை நிமிடத்தில் முடிக்கிறாள் என்று பார்க்கச் சொன்னாள். இந்தப் பரிட்சையில் கேள்வித்தாளில் விடை எழுதுகிற கதை கிடையாது. ஒரு கம்ப்யூட்டரை முன்னால் வைப்பார்கள். அதன் ரூட் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. ரூட் என்றால் அந்த இயந்திரத்துக்கு முதலாளி. முதலில் அந்தப் பாஸ்வேர்டை உடைத்துப் புதுசு போட வேண்டும், அப்புறம்தான் மற்ற வேலை. முதல் கதவு திறக்காவிட்டால் மிச்சம் எதையும் தொடக்கூட முடியாது. கதவைத் திறக்கிற வழி லாரன்ஸின் புத்தகத்தில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. நிலா அதை இரண்டு நிமிடத்தில் செய்தாள். பழைய வெர்ஷனில்.

புது வெர்ஷனில் அந்த வழி அடைபட்டிருந்தது. லாரன்ஸுக்கு அது நன்றாகத் தெரியும். மூன்றாவது தடவை அவன் முட்டிக்கொண்டு நின்றது அந்தக் கதவில்தான்.

நவம்பரில் ஒரு நாள் மத்தியானம் அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது வாட்ஸப் வந்தது. நிலா ஒரு படம் அனுப்பியிருந்தாள். கீழே, “அண்ணா, பக்கம் 212ல இருக்கிற முறை புது வெர்ஷன்ல வேலை செய்யாதுன்னு ஒருத்தர் போட்டிருக்காரு. வேற வழி சொல்றாரு. எதை ஃபாலோ பண்றது?” என்று இருந்தது.

லாரன்ஸ் சாப்பிட்டு முடித்தான். டப்பாவைக் கழுவினான். அந்த ஒருவர் சொல்லியிருந்தது சரி; ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லை. இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது, இப்போது சொன்னாலும் அவள் பழகிவிடுவாள் என்று நினைத்தான். நினைத்தான் என்பதற்காக அவனுக்கு எந்த மரியாதையும் தர வேண்டாம். கையைத் துடைத்துக்கொண்டு டைப் செய்தான்: “நெட்ல நூறு பேரு நூறு சொல்லுவான். கடைசி நேரத்துல குழப்பிக்காத. புக்கை ஃபாலோ பண்ணு.”

“சரிண்ணா. தேங்க்ஸ்ணா” என்று உடனே வந்தது, கும்பிடும் கை இரண்டோடு.

டிசம்பர் முதல் வாரம் பரிட்சை. அன்று மூன்று மணிக்கு அவள் சென்னையிலிருந்து போன் பண்ணினாள். பின்னால் பஸ் ஹாரன்.

“அண்ணா, மொதல் கதவே தொறக்கலண்ணா. 212 படியேதான் பண்ணேன். உள்ள போறதுக்கு முன்னாடியே ரூட் பாஸ்வேர்டு குடுன்னு கேக்குது. அது தெரியாமத்தானே அதை உடைக்கவே வந்திருக்கேன்? என்னைக் கேட்டா எப்டிண்ணா?”

“டென்ஷன்ல ஏதாச்சும் தப்பா அடிச்சிருப்ப. ஒரு ஸ்பேஸ் விட்டாக்கூடப் போச்சும்மா.”

“பதினோரு தபா அடிச்சேன்ணா. அந்த நெட்டுல போட்டவரு சொன்னதுதான் சரியோ?”

“அப்ப பதினோரு தபாவும் தப்பா அடிச்சிருப்ப. நான் அதே 212 படிதானே பாஸ் பண்ணேன்?”

அந்தப் பக்கம் அழுகை வந்தது. பதினோரு தடவைக்கு அப்புறம் மிச்ச நேரமெல்லாம் திறக்காத ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம். பக்கத்தில் எல்லோரும் தடதடவென்று தட்டிக்கொண்டிருந்தார்களாம். மேற்பார்வை பார்த்தவர் இரண்டு தடவை வந்து, வேண்டுமானால் முன்னாலேயே கிளம்பலாம் என்றாராம். “நான் போகலண்ணா. கடைசி வரைக்கும் இருந்தேன்” என்றாள். லாரன்ஸ் போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். நாலு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. நிம்மதியாக இருந்தது என்று வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்ள அவனுக்கு அவன் மட்டும்தான் சாட்சி.

செய்தி ஊருக்குள் வேறு மாதிரி பரவியது. புத்தகத்தை யாரும் குறை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள், ஒருத்தன் ஜெயித்த புத்தகமாயிற்றே? அதே புத்தகம், அவன் பாஸ், இவள் ஃபெயில். அப்படியென்றால் கோளாறு எங்கே? அற்புதமேரி தண்ணீர்க் குழாயடியில் வருத்தத்தோடுதான் சொன்னாள், “எம் புள்ள எல்லாத்தையும் செஞ்சு குடுத்தான். அந்தப் பொண்ணுக்கு ராசியில்ல.” இரண்டே நாளில் அது அளத்து வரப்புவரை போய்விட்டது. பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணுக்குக் குரூப் ஃபோர் பரிட்சை. ஹால் டிக்கெட் எடுக்க எப்போதும் நிலாவிடம் வருகிறவள், இந்தத் தடவை பஸ் ஏறி பிரவுசிங் சென்டருக்குப் போனாள்.

பொங்கல் கழிந்த ஞாயிறு, அப்பாவும் மகளும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். அளத்தில் மழைத்தண்ணீரை இறைத்து, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். சகாதேவனின் முழங்கால்வரை சாம்பல் சேறு காய்ந்திருந்தது. நிலா புத்தகத்துக்குப் புது அட்டை போட்டிருந்தாள். மாதா படத்தைப் பத்திரமாக உள்ளே வைத்திருந்தாள். அற்புதமேரி அதை வாங்கி, முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் பீரோவில் வைத்தாள். நிலா அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“ஏம்பா லாரன்ஸு” என்றார் சகாதேவன். “இன்னொரு தபா எழுதலாமாம். காலேஜுல அடுத்த மாசம் கடைசி வரைக்கும் டைம் இருக்குதாம். இவ எழுதுறேங்குறா. இவங்கம்மா வாணாம், மறுபடியும் தோத்துட்டு வந்து நின்னா ஊரு என்னா பேசும்னு பயப்படுறா. எனக்கு என்னா தெரியும்? நீ என்னா சொல்றியோ அதான்.”

லாரன்ஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். அதற்குள் நிலா ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

“அண்ணா, நான் ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லணும். நீங்க எத்தனாவது தபாவுல பாஸ் பண்ணீங்க?”

“மொத தபாவேதான்” என்றாள் அற்புதமேரி பீரோ பக்கமிருந்து.

“ஆன்ட்டி, அண்ணா சொல்லட்டும்.” நிலா அவன் முகத்தையே பார்த்தாள். “வீட்டுல சொல்லாம ரெண்டாவது, மூணாவது எழுதியிருந்தீங்கன்னாலும் சொல்லுங்கண்ணா, நான் வெளில சொல்ல மாட்டேன். உங்களுக்கே ஒரு தபா போச்சுன்னா, அப்ப அது எல்லாருக்கும் போறதுதான். நான் தைரியமா எழுதிடுவேன். அதே புக்கை வச்சு, அதே மாதிரிப் படிச்சு, உங்களுக்கு ஒரே தபாவுல வந்துச்சுன்னா, அப்ப எனக்கு மண்டையில ஏறலைன்னு அர்த்தம். விட்டுடுறேன்.”

லாரன்ஸ் வாசலைப் பார்த்தான், சகாதேவனின் காலைப் பார்த்தான், அவர் கால் பெருவிரல் படிக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு சுலபமாக ஒரு மனிதனுக்குக் கதவைத் திறந்துவைக்க இன்னொருத்தரால் முடியாது. வெளியில் சொல்ல மாட்டேன் என்றுகூடச் சொல்லிவிட்டாள். அம்மா பீரோச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, மகன் சொல்லப்போகிறதற்கு முன்பே சிரித்த முகமாக நின்றாள்.

“மொத தபாவேம்மா” என்றான் லாரன்ஸ்.

நிலா தலையாட்டினாள். அழவில்லை. முகம் தெளிந்த மாதிரிகூட இருந்தது.

“தேங்க்ஸ்ணா” என்றாள். “என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு நீங்க பொய் சொல்லியிருந்தீங்கன்னா, அதையும் நம்பிப் போய் எழுதியிருப்பேன்.”

சகாதேவன் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். நிலா பின்னால் ஏறி உட்கார்ந்ததும், நாளைக்குக் காலையில் அம்மாவோடு அளத்துக்கு வந்துவிடட்டுமா, இல்லை மார்ச்வரை காலேஜுக்குப் போகட்டுமா என்று அப்பாவைக் கேட்டாள்.